ஆணிவேரும் பக்கவேர்களும்: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணக்கு தெளிவானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். பிள்ளை மாலையில் வீணை வாசித்தாளா, ஏரிக்கரையில் பறவை எண்ணினாளா என்று யாரும் கேட்பதில்லை. அந்த முறையில் படித்து வந்த பெற்றோர் நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ குடியேறி, அல்லது கோவையிலிருந்தபடியே, அமெரிக்காவில் இடம் கிடைப்பதற்கு அரிதான கல்லூரிகளுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும்போது முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் கால் வைக்க வேண்டுமா, ஒன்றில் மட்டும் ஆழமாக இறங்க வேண்டுமா?

ஒரு பக்கம் ‘வெல் ரவுண்டட்’ என்பார்கள்: பியானோ, டென்னிஸ், விவாத மேடை, மருத்துவமனைத் தொண்டு எல்லாம் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் ‘ஸ்பைக்’ என்பார்கள்: ஒரே துறையில் ஈட்டிபோல் நீண்டு நிற்க வேண்டும். இரண்டுமே பாதி உண்மைதான். ஒரு ஆணிவேர், இரண்டு அல்லது மூன்று பக்கவேர்கள், அவற்றைத் தாங்கும் நல்ல மண். இந்த வழிகாட்டி சொல்வது இதைத்தான். மண் என்பது பள்ளிப் பாடங்கள். ஆணிவேர் பிள்ளை தானாகத் தேடிப்போகும் ஒரு விஷயம். பக்கவேர்கள், அவள் வேறு எவரோடும் எதனோடும் வாழத் தெரிந்தவள் என்று காட்டுபவை.

விண்ணப்பத்தைப் படிப்பவர் பார்ப்பது என்ன

இதில் ஊகத்துக்கு வேலையில்லை. சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடரப்பட்டு 2018-இல் விசாரணைக்கு வந்து, 2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கில் அந்தக் கல்லூரியின் மதிப்பீட்டு முறையே பொதுவெளிக்கு வந்துவிட்டது. படிப்பு, பாடம் சாராத செயல்பாடு, விளையாட்டு, தனிக்குணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்பதே மிக உயர்ந்தது.

செயல்பாட்டுக்கான அளவுகோலைக் கவனியுங்கள். தேசிய அளவில் சாதனையோ, தொழில்முறை அனுபவமோ இருந்தால் 1. பள்ளியில் வலுவான பங்களிப்பு, மாணவர் தலைமை, பள்ளி இதழின் ஆசிரியர் பொறுப்பு, வட்டார அளவில் பெயர் என்றால் 2. நன்றாகப் பங்கேற்றிருக்கிறார், தனிச்சிறப்பு இல்லை என்றால் 3. பங்கேற்பே இல்லையென்றால் 4. இதற்குப் பிறகு வருவது பலருக்குத் தெரியாது. 5 என்பது கீழ்நிலை அல்ல. வீட்டுப் பொறுப்பு, பள்ளி நாட்களிலேயே வேலை என்று வழக்கமான மன்றங்களுக்கு வெளியே உழைக்கும் பிள்ளைக்கான தனிக்குறியீடு. தம்பியைப் பார்த்துக்கொள்வதும், அப்பாவின் கடையில் கல்லாவில் நிற்பதும் அங்கே கணக்கில் வருகின்றன.

பத்து மன்றங்களில் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 3-தான். பத்து மூன்றுகளைக் கூட்டினால் ஒரு 2 ஆகிவிடாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் என்ற வழி தோற்பது இங்கேதான். அதே வழக்கில், ஹார்வர்டு தரப்பில் சாட்சி சொன்ன பொருளியலாளர் டேவிட் கார்டு, ஒரே பரிமாணத்தில் மட்டும் வலுவாக இருப்பதைவிடப் பல பரிமாணங்களில் வலுவாக இருப்பது சேர்க்கையில் எடைபெறுகிறது என்று வாதிட்டார். கணிதத்தில் மட்டும் கொடிகட்டி, கட்டுரையில் ஒன்றுமில்லாமல், ஆசிரியர் கடிதத்தில் உயிரில்லாமல் இருக்கும் விண்ணப்பம் தடுக்கிவிழுவது அதனால்தான்.

கல்லூரிகள் தேடுவது எல்லாத் திசையிலும் நிறைந்த ஒரு வகுப்பை. ஓபோ என்ற குழல்கருவி வாசிப்பவர், பூச்சியியல் பித்துப் பிடித்தவர், படகோட்டி, கவிஞர் எல்லாரும் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நிறையும். உங்கள் பிள்ளை அந்த வகுப்பு முழுவதையும் தன் ஒருத்திக்குள் அடக்கிக் காட்ட வேண்டியதில்லை.

படி 1: மண்ணைப் பாருங்கள்

ஆணிவேர் பற்றிப் பேசும் முன் பாடப்பட்டியலை எடுத்து மேசையில் விரியுங்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு அல்லது சமூக அறிவியல், பிறமொழி ஆகிய ஐந்தும் ஒவ்வோர் ஆண்டும் எப்படி நகர்கின்றன? கலிபோர்னியா பல்கலைக்கழகம் இதை எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. ஆங்கிலம் 4 ஆண்டு, கணிதம் 3, வரலாறு 2, ஆய்வக அறிவியல் 2, பிறமொழி 2, கலை 1, விருப்பப்பாடம் 1, ஆக 15 ஓராண்டுப் பாடங்கள். இது குறைந்தபட்சம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகங்களுக்குப் போட்டியிடுபவர்கள் இதைத் தாண்டியே எடுக்கிறார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. கணினியில் ஆர்வமுள்ள பிள்ளை பதினோராம் வகுப்பில் ஸ்பானிஷை விட்டுவிட்டு இரண்டாவது கணினிப் பாடத்தை எடுக்கும். பெற்றோருக்கு அது ஆழமாகத் தெரியும். விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணுக்கோ கடினமானதைக் கண்டு ஒதுங்கியதாகத் தெரியலாம். ஆழத்தைப் பள்ளிக்கு வெளியே காட்ட நூறு வழி உண்டு. பாடப்பட்டியலில் விழுந்த ஓட்டையை அடைக்க வழி கிடையாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. இதை இன்னும் வெளிப்படையாகக் கேட்கிறது. இரண்டு ஆசிரியர் கடிதங்களில் ஒன்று கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து; மற்றது மொழி, வரலாறு, சமூக அறிவியல் கற்பிப்பவரிடமிருந்து. உலகத்தின் முதல்நிலைப் பொறியியல் பள்ளி வரலாற்று ஆசிரியரின் வார்த்தையைக் கேட்கிறதென்றால், வரலாற்று வகுப்பில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது நல்ல திட்டமல்ல.

படி 2: நேரத்தைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் பிள்ளையின் எல்லாச் செயல்பாடுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று குறியுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் படிவமும் இதே இரண்டு எண்களைத்தான் கேட்கும்.

பிறகு கழித்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. பள்ளி 35. வீட்டுப்பாடம் 21. தூக்கம் நாளுக்கு 8 என்று 56. சாப்பாடு, குளியல், பயணம், வீட்டாரோடு பேச்சு நாளுக்கு 3 என்று 21. மிச்சம் 35 மணி. அதிலும் ஓய்வுக்கு 10 போனால் 25. பள்ளி நடக்கும் வாரங்களில் ஒரு பிள்ளையால் உண்மையாகச் செய்ய முடிவது இவ்வளவுதான். பட்டியலின் கூட்டுத்தொகை 60 வந்தால், ஒன்று எண்கள் பொய், அல்லது பிள்ளை தூங்குவதில்லை. இரண்டும் ஆபத்து. படிப்பவருக்கும் கூட்டல் தெரியும். நம்ப முடியாத ஓர் எண் பக்கத்திலிருக்கும் உண்மையான எண்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

25 மணியை இப்படிப் பிரிக்கலாம்: ஆணிவேருக்கு 10 முதல் 12, முதல் பக்கவேருக்கு 5 அல்லது 6, இரண்டாவதற்கு 3 அல்லது 4, மீதி திட்டமில்லாமல். அந்தத் திட்டமில்லாத நேரத்தைத் தயவுசெய்து நிரப்பிவிடாதீர்கள். ஆணிவேர் முளைப்பதே அங்கேதான்.

படி 3: ஆணிவேரைக் கண்டுபிடிப்பது

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஐந்தாறு விஷயங்களைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்பு முடியும் கோடையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள், பதிலைப் பிள்ளையின் வாயால் கேளுங்கள்.

யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது எது? அதில் உனக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி என்ன? அதில் எப்போது தோற்றாய், அடுத்து என்ன செய்தாய்?

மூன்றுக்கும் பதில் வரும் விஷயம்தான் ஆணிவேர். “எந்தத் துறை கல்லூரிக்கு நன்றாக இருக்கும்?” என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், எல்லா வீடுகளிலும் ஒரே பதில்தான் வரும்: கணினி நிரல், ரோபோ, ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு. அந்தக் குவியலில் பிள்ளை தொலைந்துபோகும்.

படி 4: ஆழம் எப்படி உண்டாகிறது

இதை ஒரு கற்பனை மாணவியை வைத்துக் கிட்டத்தில் பார்ப்போம். நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் ஓடை. குளிர்காலத்தில் பனியை உருக்கத் தெருவில் கொட்டும் உப்பு கரைந்து ஓடையில் சேர்கிறது. இவளுக்கு அது மீன்களை என்ன செய்கிறது என்ற கேள்வி.

ஒன்பதாம் வகுப்பில் குளோரைடு சோதனைத் தாள்களை வாங்கி, பனிக்கு முன்னும் பின்னும் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறாள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்கு வகுத்த நீண்டகால வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு. குறுகியகால வரம்பு 860. தன் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்தவுடன் விளையாட்டு ஆய்வாகிறது.

பத்தாம் வகுப்பில், தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தல் வழியாகக் காட்டும் கையடக்க மின்கடத்துமானி. முதல் பனிக்காலத்து எண்கள் முழுவதும் வீண். கருவியை 1413 மைக்ரோசீமன்ஸ் தரக்கரைசலில் வைத்துச் சரிபார்க்கவில்லை. மாதிரி எடுத்த நேரமும் வெப்பநிலையும் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டு 14 இடங்கள், ஒரே படிவம், ஒவ்வொரு முறையும் அளவுத்திருத்தம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓடைநீர்த் தரவோடு தன்னுடையதை ஒப்பிடுகிறாள்.

பதினோராம் வகுப்பில் புள்ளியியல் கற்கிறாள், ஏனென்றால் தரவு கேட்கிறது. நகராட்சிக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுகிறாள். சாலைப் பணியாளர்களிடம் போய், கல்லுப்புக்குப் பதில் 23 சதவீத உப்புக்கரைசலை முன்கூட்டியே தெளித்தால் உப்பு எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கிறாள். இரண்டு தெருக்களில் சோதித்துப் பார்க்க அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

இதில் நான்கு நிலைகள் உண்டு. கற்றுக்கொண்டது முதல் நிலை. தானாக ஒன்றைச் செய்தது இரண்டாவது. வெளியாள் ஒருவர் அதைச் சரிபார்த்தது மூன்றாவது: போட்டி நடுவர், பேராசிரியர், இதழாசிரியர், அதிகாரி யாராகவும் இருக்கலாம். வேறு யாருக்கோ அது பயன்பட்டது நான்காவது. பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிலையாவது ஏற வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? ஆழமாகப் போகப்போக அவளுக்கு வேதியியல், புள்ளியியல், எழுத்து, மேடைப்பேச்சு, உள்ளாட்சி எல்லாமே தேவைப்பட்டன. உண்மையான ஆழம் தானே அகலத்தைக் கொண்டுவந்துவிடும். அகலத்தைத் தனியாக வாங்கி ஒட்டவைக்க வேண்டியதில்லை.

ஏணி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும் துறைகளும் உண்டு. கணிதத்தில் 75 நிமிடத்தில் 25 கேள்விகள் கொண்ட ஏ.எம்.சி. 12 என்ற போட்டித் தேர்வு, அடுத்து 3 மணி நேரத்தில் 15 கணக்குகள் கொண்ட எய்ம் தேர்வு, அதற்கு மேல் அமெரிக்கக் கணித ஒலிம்பியாட். இந்தியாவில் கணித ஒலிம்பியாடின் படிகளான ஐ.ஓ.கியூ.எம்., ஆர்.எம்.ஓ., ஐ.என்.எம்.ஓ. நிரல் போட்டியில் அமெரிக்கக் கணினி ஒலிம்பியாடான யூசாகோவின் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் ஆகிய நிலைகள். அறிவியல் ஆய்வுக்கு ரீஜெனரான் அறிவியல் திறன் தேடல் போட்டியில் 300 பேர் அறிஞர்களாகவும் அவர்களில் 40 பேர் இறுதிச் சுற்றுக்கும் தேர்வாகிறார்கள். இந்த ஏணிகளின் நன்மை, எந்தப் படி எவ்வளவு கடினம் என்பது படிப்பவருக்குத் தெரியும். குறை, அதே ஏணியில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். மூன்றாவது படிக்கு மேல் ஏற முடியாவிட்டால், ஏணியே இல்லாத ஓடைக்கரை நல்ல இடம்.

படி 5: பக்கவேர்களைத் தேர்வது

ஆணிவேரோடு தொடர்பே இல்லாத ஒன்றாவது இருக்கட்டும். ஆணிவேர் தனிமையான வேலை என்றால் பக்கவேர் கூட்டமாகச் செய்வதாக இருப்பது நல்லது. ஆணிவேர் மூளைக்கானது என்றால் பக்கவேர் கைக்கோ காலுக்கோ ஆனது.

தமிழ்க் குடும்பங்களில் இது பெரும்பாலும் பரதநாட்டியம், கர்நாடக இசை, தமிழ்ப் பள்ளி என்று வந்து நிற்கும். மூன்றுமே நல்லவை. எழுதும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. அரங்கேற்றம் பற்றி முதலில். காமன் ஆப் படிவத்தில் ஒன்பதாம் வகுப்பு முதலான ஆண்டுகளுக்கு மட்டுமே குறியிட முடியும். எட்டாம் வகுப்புக் கோடையில் அரங்கேற்றம் முடித்து அதோடு நின்றுவிட்டால், பத்தாண்டு உழைப்பு படிவத்தில் ஏறவே ஏறாது. அரங்கேற்றத்துக்குப் பின் என்ன நடந்தது என்பதே அங்கே கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தாளா, முதியோர் இல்லத்தில் ஆடினாளா, புதிதாக ஒரு பதத்துக்கு அசைவு அமைத்தாளா?

இசையில் வெளியாள் சான்று வேண்டுமென்றால், 1978 முதல் நடந்துவரும் கிளீவ்லேண்ட் தியாகராஜர் ஆராதனை விழாவின் போட்டிகள் போன்றவை உண்டு. ஆனால் படிப்பவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். எத்தனை பேர் பங்கேற்றார்கள், என்ன பாட வேண்டியிருந்தது என்று சில சொற்களில் விளக்க வேண்டும். தமிழ்ப் பள்ளியில் படித்தது ஒரு வரி. அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு கற்பித்தது வேறு வரி. பல மாநிலங்கள் தரும் இருமொழித் தேர்ச்சி முத்திரை தமிழுக்கும் கிடைக்குமா என்று உங்கள் பள்ளி மாவட்டத்தில் விசாரியுங்கள்.

மற்றவற்றை விட்டுவிடுங்கள். விடுவது வலிக்கும், குறிப்பாக ஏழு வருடம் கட்டணம் கட்டிய பியானோவை. பிள்ளை இன்னும் விரும்பி வாசிக்கிறாள் என்றால் வீட்டில் வாசிக்கட்டும், தேர்வுக்கு அனுப்ப வேண்டாம்.

படி 6: கல்லூரிக்குக் கல்லூரி எடை மாறும்

பிள்ளையின் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளை மூன்று கூடைகளாகப் பிரியுங்கள்.

முதல் கூடை, சேரும்போதே துறையைத் தேர்ந்தெடுத்து அதற்காகவே போட்டியிடும் இடங்கள். இலினாய் அர்பானா-ஷாம்பெய்ன் கணினி அறிவியல், கார்னகி மெலன் கணினிப் பள்ளி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் பள்ளி, பெர்க்லி பொறியியல். இங்கே ஆணிவேர் துறையோடு பொருந்த வேண்டும். சுலபமான துறையில் நுழைந்து பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் இந்தக் கூடையில் பெரும்பாலும் பலிக்காது. உள்ளே மாறுவது வெளியிலிருந்து நுழைவதைப் போலவே கடினம். இரண்டு ஆர்வங்கள் உண்மையிலேயே கலந்திருக்கும் பிள்ளைக்கு இலினாயில் கணினியோடு மொழியியல், இசை, மானுடவியல், வேளாண் பயிரியல் என்று இணைத்த பட்டங்கள் இருக்கின்றன.

இரண்டாவது கூடை, முழுக் கல்லூரிக்கும் சேர்க்கும் இடங்கள்: ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பிரவுன். பிரவுனின் கட்டுரைக் கேள்வி இந்த வழிகாட்டியின் பொருளையே கேட்கிறது: கட்டாயப் பாடங்கள் இல்லாத எங்கள் முறையில் பரந்து தேடவும் ஆழ்ந்து இறங்கவும் முடியும், உன் ஆர்வங்களை எப்படித் தொடர்வாய் என்று. ஒன்றை மட்டும் எழுதினாலும், ஏழை எழுதினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

மூன்றாவது கூடை, ஆழம் மட்டுமே பேசும் இடங்கள். ஜூலியார்டு போன்ற இசைப்பள்ளிகளில் வாசித்துக் காட்டுவதே தேர்வு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். அங்கே கேட்பது பாடத்தை ஒட்டிய ஆர்வத்தை மட்டும். டென்னிஸ் தலைமை அங்கே எடைபெறாது. கடைசி நாள் அக்டோபர் 15. ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

எந்தக் கல்லூரி எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு. கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். அதில் சி7 என்ற அட்டவணை. பாடக்கடினம், மதிப்பெண், கட்டுரை, திறமை, செயல்பாடு, குணம் என்று ஒவ்வொன்றுக்கும் மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது என்ற நான்கில் ஒன்றைக் கல்லூரியே குறித்திருக்கும். பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் இதைப் பார்க்க ஒரு மாலை போதும்.

படி 7: படிவத்தில் ஏற்றுவது

காமன் ஆப் 10 செயல்பாடுகளுக்கு இடம் தருகிறது. பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விளக்கத்துக்கு 150. விருதுகள் 5. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று விதி இல்லை. வலுவான ஏழு, நீர்த்துப்போன பத்தைவிட நன்று. எம்.ஐ.டி. தன் சொந்தப் படிவத்தில் நான்கே நான்கு செயல்பாடுகளைக் கேட்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ விருது, வேலை, தொண்டு எல்லாம் சேர்த்து 20 வரை ஏற்று, ஒவ்வொன்றையும் 350 எழுத்தில் விளக்க விடுகிறது. ஆகவே முதலில் எம்.ஐ.டி.க்கு எழுதுவதுபோல் நான்கை மட்டும் தேர்ந்து பாருங்கள். பிள்ளை அங்கே விண்ணப்பிக்காவிட்டாலும் சரி. அந்த நான்குதான் ஆணிவேரும் பக்கவேர்களும். மற்றவை அவற்றுக்குக் கீழே வரும்.

வரிசை முக்கியம். முதல் இரண்டு இடங்களில் ஆணிவேரின் இரண்டு முகங்கள், மூன்றாவதில் முதல் பக்கவேர்.

விளக்கத்தில் வினையும் எண்ணும் வேண்டும். “சுற்றுச்சூழல் மன்றத்தில் ஆர்வத்தோடு பங்கேற்று நீரின் தரம் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்” என்பதில் ஒன்றுமே இல்லை. “3 பனிக்காலம், 14 இடங்கள், 230 மி.கி. தாண்டிய 5 இடங்களை வரைபடமாக்கினேன், நகராட்சி 2 தெருவில் உப்புக்கரைசல் சோதனை” என்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், வீட்டில் முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தது மட்டும்தான் 150 எழுத்துக்குள் அடங்கும்.

650 சொல்லுக்குள் எழுதும் முதன்மைக் கட்டுரை ஆணிவேரைப் பற்றியே இருக்க வேண்டியதில்லை. பட்டியலும் ஆசிரியர் கடிதமும் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டால், கட்டுரை வேறொரு முகத்தைக் காட்டட்டும். ஓடை பற்றிப் பட்டியலில் இரண்டு வரி, கல்லூரி தனியாகக் கேட்கும் துணைக்கட்டுரையில் ஒரு பக்கம், வேதியியல் ஆசிரியர் கடிதத்தில் ஒரு பத்தி. முதன்மைக் கட்டுரையில் பாட்டியோடு வாட்ஸப்பில் சமைத்த ஞாயிற்றுக்கிழமைகள். நான்கும் சேர்ந்தால் ஒரு மனுஷி தெரிவாள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 8 கேள்விகளில் 4-ஐத் தேர்ந்து தலா 350 சொல் எழுதும்போதும் இதே முறை: இரண்டு ஆணிவேருக்கு, இரண்டு மற்றவற்றுக்கு.

கெட்டுப்போகும் இடங்கள்

பதினோராம் வகுப்பில் திடீரென்று முளைக்கும் அமைப்புகள் முதலில். இணையதளம், சின்னம், ‘நிறுவனர்’ என்ற பட்டம் எல்லாம் இருக்கும். உதவி பெற்றவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஏற்கெனவே நடந்துவரும் அமைப்பில் மூன்றாண்டு கழிவறை கழுவியதாக எழுதுவது இதைவிட வலுவானது.

பணம் கட்டினால் இடம் கிடைக்கும் கோடை முகாம்கள் அடுத்தது. பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நடப்பதால் மட்டும் அது அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வாகிவிடாது. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற கோடை ஆய்வு முகாம் கட்டணமில்லாதது, கடும் தேர்வு கொண்டது. அதன் மதிப்பு அதனால்தான். முகாமில் படித்தது பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அதுவே போதுமான பலன், விண்ணப்பத்துக்காக மட்டும் பல ஆயிரம் டாலர் செலவழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ்களும் இதே வகைதான்; படித்துப் பழகியவர்கள் அவற்றை அடையாளம் காண்பார்கள்.

மூன்றாவது, பெற்றோரின் ஆணிவேர். அப்பா வேலை செய்யும் ஆய்வகத்தில் அப்பாவின் நண்பர் கொடுத்த திட்டம். நேர்காணலில் “ஏன் இந்த முறையைத் தேர்ந்தாய்?” என்ற ஒரு கேள்வியில் அது கலைந்துவிடும், அதைவிடக் கவலை, பிள்ளைக்கே தன்மேல் நம்பிக்கை கலைவது.

ஆணிவேர் தென்படவே இல்லையென்றால்

பதினேழு வயதில் பல பிள்ளைகளுக்குத் தென்படாது, அதில் குற்றம் ஒன்றுமில்லை. செயற்கையாக ஒன்றை நட்டுவைக்காதீர்கள். இருக்கும் செயல்களின் ஊடே ஓடும் ஒரு குணத்தைத் தேடுங்கள். தமிழ்ப் பள்ளியில் கற்பிக்கிறாள், நீச்சல்குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறாள், வீட்டில் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால், அவள் சொல்லிக்கொடுப்பவள். அது போதும். அதை நெய்து எழுதினால், மேலே சொன்ன அளவுகோலில் 2 எட்டக்கூடியதே. பட்டியலில் இரண்டாவது கூடைக் கல்லூரிகளைக் கூட்டி, முதல் கூடையைக் குறையுங்கள்.

வீட்டுப் பொறுப்பு அதிகமுள்ள பிள்ளை அதைச் செயல்பாடாகவே எழுத வேண்டும். காமன் ஆப்பின் வகைப்பட்டியலில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை என்று தனி வகைகளே இருக்கின்றன. வாரத்துக்கு 15 மணி தாத்தாவுக்கு மருந்து கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மொழிபெயர்த்துச் சொல்வதை எழுதக் கூச்சப்படுபவர்கள் நம் வீடுகளில்தான் அதிகம். எழுதுங்கள்.

கடைசி ஆண்டின் நாட்காட்டி

பதினோராம் வகுப்பு மே மாதத்துக்குள் இரண்டு ஆசிரியர்களிடம் நேரில் கேட்டுவிட வேண்டும், இரண்டு வெவ்வேறு பாடங்களிலிருந்து. கேட்டவுடன் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அவர்கள் வகுப்பில் நடந்த குறிப்பிட்ட இரண்டு சம்பவங்கள் அதில் இருக்கட்டும், விருதுப்பட்டியல் வேண்டாம். ஆகஸ்ட் 1-இல் காமன் ஆப் அந்த ஆண்டுக்குத் திறக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் செயல்பாட்டுப் பட்டியல் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கட்டுரை எதைப் பேச வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. பெரும்பாலான முன்கூட்டிய விண்ணப்பங்களுக்கு நவம்பர் 1, கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கம், வழக்கமானவற்றுக்கு ஜனவரி முதல் வாரம்.

அனுப்பியபின் ஆணிவேரை நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டிய சுற்றில் முடிவு சொல்லாமல் வழக்கமான சுற்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டால், ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம், அதில் நவம்பருக்குப் பின் நடந்த புதிய விஷயம் ஒன்றாவது வேண்டும். அரையாண்டு மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும். இடம் கிடைத்த பின்பும் ஆண்டிறுதி மதிப்பெண் போகும், கடுமையாகச் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவதும் நடக்கிறது. டிசம்பரில் பனி விழுந்தால் அந்தப் பெண் மானியைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போகட்டும். ஆனால் திங்கட்கிழமை வரலாற்றுக் கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.